ஒச்சம்மாளின் நடுப்பார்வை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கி ஒன்றில், இருபத்தொரு மேசைகளில், மேசைக்கு இருவராக எதிரெதிரே நாற்பத்திரண்டு பெண்கள் உட்கார்ந்து காய் பார்த்துக்கொண்டிருந்த புரட்டாசி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, முதல் மேசை ஒச்சம்மாளின் இரண்டு கண்களிலிருந்தும் நடுப்பார்வை கழன்று விழுந்தது.

விழுந்தது இரண்டு. ஒவ்வொன்றும் கடுகளவு, மஞ்சள் நிறம், நடுவில் ஊசி முனையால் அழுத்தினாற்போல ஒரு குழி. தட்டில் விழுந்தபோது சத்தம் வரவில்லை. இரண்டும் உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி ஒன்றாகி, மேசையின் குறுக்கே சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றன. எதிர்ப்பக்கம் இருந்தவள் பவுன்தாய், ஒச்சம்மாளின் இறந்துபோன புருசனுக்குத் தங்கை, பத்தொன்பது வருசமாக அதே மேசையில் அதே இடத்தில் உட்கார்ந்து பச்சைக் காயை முதல் தரத்துக்கும், வெடித்ததையும் வெளிறியதையும் மஞ்சளடித்ததையும் இரண்டாம் தரத்துக்கும் தள்ளித் தள்ளிப் பழகியவள். அவள் தலையைக் கேட்காமல் அவள் விரலே வேலை செய்யும். கோட்டுக்கு இந்தப் பக்கம் மஞ்சளாக ஒன்று வந்து நின்றதும் ஆள்காட்டி விரல் அதைச் சுண்டி இரண்டாம் தரக் கூடைக்குள் போட்டுவிட்டு அடுத்த காய்க்குப் போய்விட்டது.

"பவுனு, காயைக் காணமேடி" என்றாள் ஒச்சம்மாள்.

"கையில வச்சுக்கிட்டே தேடுறியே மதினி."

கையில் இருந்தது. விரல்கள் தெரிந்தன, மணிக்கட்டு தெரிந்தது, மேசையின் நாலு விளிம்பும் பக்கத்து மேசையும் மேலே சுற்றிய காற்றாடியும் தெரிந்தன. விரல்களுக்கு நடுவில் காய் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, ஒன்றுமே இல்லை. நிமிர்ந்து பவுன்தாயைப் பார்த்தாள். இரண்டு காதும் தோடும் கழுத்தும் கொண்டையும் இருந்தன, முகம் இல்லை. சற்றுத் தள்ளிச் சுவரைப் பார்த்தபோதுதான் ஓரக்கண்ணில் அந்த முகம், தண்ணீருக்குள் கிடக்கிற காசு மாதிரி, லேசாக ஆடிக்கொண்டு தெரிந்தது.

ஒச்சம்மாள் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற சுபாவம் அவளுக்கு இல்லை. இருபத்திரண்டு வருசக் காய் பார்ப்பில் அவள் வாயிலிருந்து அதிகமாக வந்த சொற்கள் இரண்டுதான்: தேறும், தேறாது. ஆனால் அன்றைக்கு அவளுக்கு யாரிடமும் சொல்லாத ஒரு கவலை இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், தராசடியில், எடை போடுகிற தவசி அவளுடைய தட்டை இறக்கி வைத்துவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஐப்பசி ஒண்ணுல இருந்து என்னைய வண்டன்மேடு கிட்டங்கிக்குப் போகச் சொல்லியிருக்காக. எனக்கும் யாருமில்ல. ஒங்களுக்கும் பதினாலு வருசமா யாருமில்ல. தப்பா நெனைக்காட்டி… கட்டிக்கிருவமா?"

பதினொரு வருசமாக அவள் தட்டை அவர்தான் நிறுத்திருக்கிறார். அந்தப் பதினொரு வருசத்தில் அவள் அவருடைய கைகளையும் தராசையும் பார்த்திருக்கிறாளே தவிர, நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததில்லை. காயைத் தவிர எதையுமே அவள் நேராகப் பார்த்ததில்லை என்றும் சொல்லலாம். பார்க்காமல் ஒரு காயைக்கூட முதல் தரத்தில் போடாதவள், இதை எப்படிப் போடுவாள்?

"நாளைக்கு நல்ல வெளிச்சத்துல நேரா ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தாள்.

அந்த நாளைக்குத்தான் பார்வை விழுந்துபோனது.

புதன்கிழமை கண் டாக்டரிடம் போனாள். அவர் சொட்டு மருந்து விட்டு, நாற்பது நிமிசம் உட்கார வைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் தடவையும் பார்த்தார்.

"கண்ணுக்குப் பின்னால ஒரு திரை இருக்கும்மா. அதுல நட்டநடுவுல மஞ்சளா ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்கு நடுவுல ஒரு சின்னக் குழி. ஊசியில நூல் கோக்கிறது, எழுத்துப் படிக்கிறது, ஆளோட மூஞ்சிய அடையாளம் பாக்கிறது எல்லாம் அந்தக் குழிதான். மத்த எடம் பூராவும் சும்மா சுத்தி என்ன நடக்குதுன்னு காவல் பாக்கும், அம்புட்டுத்தான். ஒங்களுக்கு அந்தக் குழி எடத்துல இல்ல."

"எங்க போயிருக்கும் சார்?"

"எங்கிட்டுக் கழண்டுச்சோ அங்கிட்டுத்தான் தேடணும். கெடச்சா ஒரு நட கொண்டாந்து காட்டுங்க" என்று சொல்லி, நோட்டில் 'இடத்தில் இல்லை' என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

தேடினார்கள். நாற்பத்தொரு பெண்களும் குனிந்து கிட்டங்கித் தரையை மூன்று தடவை கூட்டி, கூட்டியதை முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்தார்கள். பதினேழு தோடு திருகாணியும் ஒரு பல்லும் கிடைத்தன, பார்வை கிடைக்கவில்லை. இரண்டாம் தரக் கூடையை யாரும் பார்க்கவில்லை. ஒச்சம்மாளின் பார்வை இரண்டாம் தரத்தில் கிடக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அதற்குள் ஊர் பழகிவிட்டது. ஒச்சம்மாள் எங்கே பார்க்கிறாளோ அங்கே நின்றால் அவளுக்குத் தெரியாது, அதற்கு இரண்டு சாண் இடப்பக்கம் தள்ளி நின்றால் தெரியும் என்று கண்டுபிடித்து, காய்கறிக்காரி தள்ளி நின்றாள், தபால்காரர் தள்ளி நின்றார், சீட்டுக் கொடுக்க வந்த கண்டக்டர் தள்ளி நின்று பக்கத்துச் சீட்டுக்காரர் மடியில் விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வீட்டில், அவளும் இருந்ததால், போட்டோவுக்கு நின்ற முப்பத்தாறு பேரும் கேமராவுக்கு இரண்டு சாண் இடப்பக்கம் தள்ளி நிற்க, படத்தின் நடுவில் நாற்காலி மட்டும் விழுந்தது. தவசியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே அவர் தராசை இரண்டு சாண் இடப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கிட்டங்கியில் இரண்டாம் தரக் காய், சனிக்கிழமைதோறும் அரைக் கிலோ, பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற சுருளியப்பனுக்குப் போகும். திங்கட்கிழமை காலை அவர் காய் டப்பாவைத் திறந்தபோது, மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த மஞ்சள் புள்ளிக்கு நேரே அவருடைய கட்டைவிரல் வந்தது. முப்பது வருசமாகத் தன்னோடு இருக்கிற கட்டைவிரலை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். ரேகைகள் உழுத வயல்போல ஓடின, நகக்கண்ணில் மூன்று தினுசு அழுக்கு இருந்தது. புள்ளிக்கு முன்னே எதைக் காட்டினாலும் ஒரு கட்டைவிரல் நகத்தகல இடம் மட்டும் அப்படிப் பளிச்சென்று தெரிந்தது, சுற்றியுள்ளதெல்லாம் எப்போதும்போல் இருந்தது. அவர் மூடியை ஒரு கம்பியில் மாட்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். முதலில் டீ ஆற்றினார், அப்புறம் ஆச்சரியப்படலாம் என்றிருந்தார், கூட்டத்தில் மறந்துவிட்டார்.

கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். முள் குத்தியவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசியும் நூலுமாக எட்டுத் தையற்காரர்கள் வந்தார்கள். மாத்திரை அட்டையில் தேதி பார்க்க வந்தவர்கள், மகள் கல்யாணப் படத்தில் கடைசி வரிசையில் நின்று சாப்பிடாமல் போனது யார் என்று பார்க்க வந்தவர்கள், ஆட்டுக் காதில் உண்ணி பார்க்க ஆட்டோடு வந்தவர்கள், நாலு நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். இவ்வளவு பேர் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கப்பட்டதால் ஊரில் எல்லோரும் நகம் வெட்டினார்கள், காது குடைந்தார்கள், சட்டைப் பொத்தான் தைத்தார்கள். மீசைக்கு மை அடிக்கிறவர்கள் வேர் வரைக்கும் அடித்தார்கள். வியாழக்கிழமைக்குள் போடி, சாமி புறப்பாட்டுக்குத் தயாரான ஊர் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. அந்தப் புள்ளி வழியாக எதைப் பார்த்தாலும், பார்த்தவர் வாயில் ஒரு சொல் தானாக வந்தது.

"தேறாது" என்றார் வடையைப் பார்த்த வாத்தியார்.

"என்னது தேறாது? காலையில சுட்டதுய்யா" என்றார் சுருளியப்பன்.

"நான் எங்கப்பா சொன்னேன்? அதுவா வருது."

வியாழக்கிழமை, பதினேழாம் தேதி, டீ குடிக்க வந்த தவசி, ஒரு மணி நேரத்தில் அந்தச் சொல்லை இருபத்தாறு தடவையும் 'தேறும்' என்பதை நாலு தடவையும் கேட்டார். இருபத்தாறுக்கு நாலு. இந்தக் கணக்கில் பார்க்கிற கண் ஊரில் ஒன்றுதான் இருந்தது. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார், வேட்டி தடுக்க ஓடினார் என்றும் சொல்கிறார்கள்.

ஒச்சம்மாள் வந்தாள், கூடவே கிட்டங்கியும் வந்தது. மூடியைக் கையில் வாங்கி வலது கண்ணில் வைத்தாள், இடது கண்ணில் வைத்தாள், அண்ணாந்து தட்டிப் பார்த்தாள். புள்ளி அசையவில்லை. டாக்டர் வந்து சொட்டு மருந்தால் நனைத்து ஏற்றிப் பார்த்தார். கண் வரைக்கும் வந்து, வாசலில் கூச்சப்பட்டு நிற்கும் விருந்தாளி மாதிரி நின்று, திரும்ப மூடிக்கே உருண்டு போனது. டாக்டர் 'இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது' என்று எழுதிக்கொண்டார்.

தவசிதான் மெதுவாகச் சொன்னார்: "அது தரம் போட்ட சரக்கு. ரெண்டாம் தரம்னு தள்ளியாச்சு. தள்ளுனவுக எடுக்காம எப்படி வரும்?"

எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அந்தக் கிட்டங்கியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி தள்ளிய காயை இன்னொருத்தி எடுத்து மேலே போடக் கூடாது. போட்டால் கூந்தல் பிடிச் சண்டை வரும். தள்ளியவளே தன் கையால் எடுத்து முதல் தரத் தட்டில் வைத்து, வைக்கும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி 'என் கண் தப்பு' என்று சொல்லவேண்டும். ஒச்சம்மாள் இருபத்திரண்டு வருசத்தில் அதை மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். பவுன்தாய் பத்தொன்பது வருசத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அத்தனை தலையும் பவுன்தாயின் பக்கம் திரும்பியது.

"மஞ்சளா இருந்துச்சு, தள்ளுனேன்" என்றாள் அவள். "மஞ்சளா இருந்தா ரெண்டாம் தரம். கலெக்டர் கண்ணா இருந்தாலும் ரெண்டாம் தரம்."

"ஒம் மதினி கண்ணுத்தா அது" என்றார் சுருளியப்பன்.

"அப்ப மதினி கண்ணு மஞ்சக் கண்ணு. நான் என்ன பண்ண? என் வெரல் பொய் சொல்லாது."

சொல்லிவிட்டுப் போனவள்தான். கிட்டங்கி மேஸ்திரி கேட்டார், மாட்டேன் என்றாள். கோயில் பூசாரி கேட்டார், நீங்க காய் பாத்திருக்கீகளா என்றாள். லாரி ஓட்டுகிற அவள் புருசன், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பவர், அந்த நாலில் ஒன்றைச் செலவழித்துக் கேட்டுப் பார்த்தார். அவருக்கு அன்று குழம்பில் உப்பு இல்லை. ஊர் வற்புறுத்தவில்லை, அதுவும் உண்மை. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆயிரத்து நூறு ஆகியிருந்தார்கள். ஓசியில் கிடைத்த கூர்மையைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு அவசரம்? ஆளுக்கு ஒரு தடவை ஒச்சம்மாளிடம் வந்து, இரண்டு சாண் தள்ளி நின்று, "வந்துரும்த்தா" என்று சொல்லிவிட்டு, வரிசையில் போய் நின்றார்கள்.

ஒச்சம்மாள் தினமும் கிட்டங்கிக்கு வந்தாள். காயைக் கையால் உருட்டி, மூக்கில் வைத்து, ஓரக்கண்ணால் தடவி, மெதுமெதுவாகப் பிரித்தாள். முன்பு நாளொன்றுக்கு ஒன்பது கிலோ பார்த்தவளுக்கு இப்போது நாலுதான் வரவேண்டும். ஆனால் சாயங்காலம் தராசில் ஏழு நின்றது. தவசி முள்ளைப் பார்த்தார், ஒச்சம்மாளின் பின்னால் நின்ற பவுன்தாயைப் பார்த்தார், "ஏழு" என்று மட்டும் சொல்லி எழுதிக்கொண்டார்.

இப்படியே நாள் போய், புரட்டாசி முப்பத்தொன்று, வியாழக்கிழமை வந்தது. மறுநாள் காலை ஒன்பது பத்து பஸ்ஸில் தவசி வண்டன்மேடு போகவேண்டும். அவர் அவசரப்படுத்தவில்லை. "பாக்காமச் சொல்ல வேணாம்" என்று மட்டும் சொன்னார், எப்போதும்போல் இரண்டு சாண் தள்ளி நின்று.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வெளியே போனபின் ஒச்சம்மாள் எதிரே இருந்தவளிடம் கேட்டாள்:

"பவுனு, தெனமும் மூணு கிலோ எந் தட்டுல தள்ளுறியே, அது எந்தத் தரம்?"

பவுன்தாயின் கை சோற்றில் நின்றது. "ஒனக்குத்தான் தெரியாதே."

"நேராப் பாத்தாத்தான்டி தெரியாது. ஓரத்துல ஒரு ஈ நகந்தாலும் இப்பத் தெரியுது. ஒங் கை கோட்டத் தாண்டுறது மொத நாளே தெரிஞ்சிருச்சு. நீ யாருக்கும் ஒரு காய் இனாமாக் குடுத்தவளா? எனக்கு எதுக்குக் குடுக்குற? குடுக்குறவ, அந்த ஒரு புள்ளிய மட்டும் ஏன்டி எடுத்து வைக்கமாட்டேங்குற?"

பவுன்தாய் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்த சோற்றையே திரும்பவும் பிசைந்தாள். பிறகு அழுதாள், அழுகிறபோதும் கோபமாகத்தான் அழுதாள்.

"அன்னைக்குத் தராசடியில ஒம் பின்னாலதான் நின்னேன், அவரு கேட்டது எங் காதுலயும் விழுந்துச்சு. கண்ணு வந்தா அந்த எடைக்காரரப் பாப்ப. பாத்தா சரிம்ப. சரின்னா வண்டன்மேடு போயிருவ. எங்கண்ணன் போயிட்டான், ஊட்டுக்காரரு ரோட்டுலயே கெடக்காரு, பத்தொன்பது வருசமா எனக்கு எதுக்கால இருக்கிறது நீ ஒருத்திதான். நீயும் போயிட்டா இந்த நாக்காலியில யாரு உக்காருவா? கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் யாரோட சண்ட போடுவேன்?"

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி கூறுகெட்டவளே, யாருடி போறேன்னா? வண்டன்மேடு என்ன வடக்கேயா இருக்கு? போற பஸ்ஸு திரும்பியும் வருதுல்ல? அவரு சனிக்கெழம வருவாரு, திங்கக்கெழம போவாரு. ஒம் புருசன் மாசத்துல நாலு நாளு, எனக்கு எட்டு நாளு கெடைக்கும். காயி எனக்கு இங்கதானடி இருக்கு."

பவுன்தாய் மூக்கை உறிஞ்சினாள். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ கேட்டியா? அதோட, நான் இன்னும் அந்தாளப் பாக்கவே இல்ல. பாத்து, தேறாமப் போயிட்டா?"

"ஒங் கணக்குல தேறாதுதான்" என்றாள் பவுன்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முப்பதுக்கு நாலு."

ஐப்பசி ஒன்று, வெள்ளிக்கிழமை, காலை எட்டு நாற்பதுக்கு டீக்கடையில் நிற்க இடமில்லை. கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ள வந்தவர்கள் நூற்றிருபது பேர், கிட்டங்கிப் பெண்கள் நாற்பது பேர், நோட்டோடு டாக்டர், துணிப் பையோடு தவசி. சுருளியப்பன் கம்பியிலிருந்து மூடியைக் கழற்றி, அதைத் தன் கட்டைவிரலுக்கு நேரே ஒருமுறை பிடித்து, "சுத்தம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெஞ்சில் வைத்தார். பவுன்தாய் கிட்டங்கியிலிருந்து முதல் தரத் தட்டு ஒன்றை, காயோடு, சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டுவந்திருந்தாள். அதை ஒச்சம்மாளுக்கு முன்னால் வைத்தாள். ஆள்காட்டி விரலை மூடிக்குள் விட்டாள். பத்தொன்பது வருசமாகத் தள்ளி மட்டுமே பழகிய விரல், எடுக்கத் தெரியாமல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை புள்ளி விரல் நுனியில் ஏறிக்கொண்டது. தட்டில் வைத்தாள்.

"என் கண் தப்பு" என்றாள்.

"கேக்கல" என்றார் பின்னால் இருந்த யாரோ.

"என் கண் தப்பு! கேட்டுச்சா? காது இன்னும் குடையலையா?"

தட்டில் இருந்த மஞ்சள் ஒன்று, இரண்டானது. அவ்வளவுதான் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. ஒச்சம்மாள் இமையைக் கொட்டித் திறந்தபோது தட்டில் காய் இருந்தது, காயின் மேல் கோடு இருந்தது, நடுவில் இருந்த ஒன்றுமில்லாத இடம் இல்லை.

அவள் நிமிர்ந்தாள். நேரே, இரண்டு முழத் தூரத்தில், பவுன்தாய் முகம் இருந்தது. தாடையில் ஒரு தழும்பு, இடது புருவத்தில் ஐந்து நரைமுடி, அழுது வீங்கிய இமை, மேலுதட்டில் கோபம். ஒச்சம்மாள் அதை நிதானமாகப் பார்த்தாள்.

"பத்தொன்பது வருசமா இந்த மொகமாடி எனக்கு எதுக்கால இருந்துச்சு?"

"ஏன், தேறாதா?"

"இத எவளும் தரம் பிரிக்க முடியாது" என்றாள் ஒச்சம்மாள்.

பிறகு தவசியைத் தேடினாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, வழக்கப்படி இரண்டு சாண் இடப்பக்கம் தள்ளி, தலையைக் குனிந்து நின்றார். வெளியே வண்டன்மேடு பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டரும் இறங்கி வந்து பார்த்துக்கொண்டிருந்ததால் பஸ் போகவில்லை.

"நேரா வாங்க" என்றாள்.

அவர் நேராக வந்தார், தலை நிமிர்ந்தது. ஒரு காயைப் பார்க்க ஒச்சம்மாளுக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். இதைப் பார்க்க, சுருளியப்பன் ஒரு சட்டிப் பாலைக் காய்ச்சி இறக்கி, பதினாலு டீ ஆற்றி முடிக்கும் நேரம் எடுத்தது. அம்மைத் தழும்பு மூன்று. ஒரு காது மற்றதைவிட ஒரு நெல்லளவு கீழே. மீசையில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை, மை அடிக்கவில்லை. வெடித்த உதடு. கண்ணின் ஓரத்தில், பதினொரு வருசமாக முள்ளை இடுங்கிப் பார்த்ததால் விழுந்த சுருக்கங்கள், வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் ஐந்து. ஆற்றிய டீயைக்கூட யாரும் உறிஞ்சவில்லை.

"தேறும்" என்றாள் பவுன்தாய், பொறுக்கமாட்டாமல்.

"ஒங் கைய ஒந் தட்டுல வையி" என்றாள் ஒச்சம்மாள், திரும்பாமலே. "இது எந் தட்டு."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கூச்சப்பட்டுப்போன தவசி, இருபத்து நான்கு நாள் பழக்கத்தில், தன்னை அறியாமல் மறுபடியும் இரண்டு சாண் இடப்பக்கம் தள்ளிப்போய் நின்றார்.

ஒச்சம்மாள் எழுந்தாள். டாக்டரும் கண்டக்டரும் ஊரும் பார்த்திருக்க, அவர் முழங்கையைப் பிடித்து, ஒரு காயை எடுத்து மேல் தட்டில் வைக்கிற அதே பதத்தில், தன் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அங்க இல்ல" என்றாள். "இங்க."